தொள்ளாயிரத்துப் பதினைந்தில் ஒரு மேடு

1. சாய்ந்து வந்த பின்கள்

அது ஒரு வியாழக்கிழமை. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி என் லேப் மேஜைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே பன்னிரண்டு சாலினாய்டு காயில். செம்புக் கம்பிச் சுற்றின் மேல் எபாக்ஸி ரெசினை ஊற்றி இறுக வைத்து, தேன் நிறத்தில் கண்ணாடி மாதிரி நாங்கள் அனுப்பியவைதான். திரும்பி வந்தபோது ஒவ்வொன்றிலும் ஒயர் மாட்டுகிற டெர்மினல் பின் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சூட்டு டெஸ்டில் வைத்தார்களாம். ரெசின் வெல்லம் மாதிரி இளகி, பின் படுத்துவிட்டது. அந்த பேட்ச்சில் மொத்தம் நானூற்று எண்பது காயில். மிச்சத்தையும் அவர்கள் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இப்படி ரெசின் ஊற்றி மூடும் எபாக்ஸி பாட்டிங் செய்கிற சின்ன கம்பெனி ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் க்யூ.சி. லேப் பார்த்தேன். போன வருஷம் ஓய்வு பெற்றேன். லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்கள், "மேடம், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். சாதனையை எழுதச் சொன்னால் எல்லோருக்கும் கை வேகமாக ஓடும். நான் என் தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில்தான் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறது.

எங்கள் பிளான்ட் மேனேஜர் வரதராஜன். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். சாய்ந்த காயிலிலிருந்து ஒரு சில்லு ரெசினைச் செதுக்கி எஃப்.டி.ஐ.ஆர். மெஷினில் நான் வைப்பதற்குள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"மேடம், பீக் இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"இருக்கு சார்."

"அப்ப கியூர் ஆகல."

"முழுசா ஆகல சார்."

"ஏன் ஆகல? ஹார்ட்னர் கம்மி. அவ்ளோதான? எழுதிக் குடுங்க."

எங்கள் கம்ப்ளெய்ன்ட் ரிப்போர்ட் படிவத்தில் கடைசிக் கட்டம் 'காரணம்'. காலிக் கட்டத்தைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். பள்ளிக்கூடத்துப் பழக்கம், தெரியாத கேள்விக்கும் ஏதாவது எழுதி வைத்துவிட்டு வருவது. 'ஹார்ட்னர் அளவு குறைவு. மிக்சிங் தவறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்த ஐந்து வார்த்தை யார் தலையில் போய் விழும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் கம்பெனியில் ரெசினையும் அதை இறுக்கும் ஹார்ட்னரையும் கலக்கிற மிக்சிங் வேலை பார்த்தவர் ஒரே ஒருவர்.

2. மேடு என்ன சொல்கிறது

புதிதாக வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

எபாக்ஸி ரெசின் மூலக்கூறின் இரண்டு முனையிலும் ஒரு முக்கோண வளையம் இருக்கும். இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன். நெருக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கும் வளையம். எப்போது பிரியலாம் என்று காத்துக்கொண்டே இருக்கும். அமீன் ஹார்ட்னரில் உள்ள ஹைட்ரஜன் வந்தால் வளையம் திறந்துகொள்ளும். ரெசினும் ஹார்ட்னரும் அங்கே பிணையும். இப்படி ஆயிரமாயிரம் இடத்தில் பிணைந்து வலையாகிவிட்டால், ஊற்றிய திரவம் கல்லாகிவிடும். இதைத்தான் கியூரிங் என்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையை எஃப்.டி.ஐ.ஆர். பார்த்துச் சொல்லும். மாதிரியின் மேல் அகச்சிவப்பு ஒளியை விட்டால், ஒவ்வொரு வகைப் பிணைப்பும் தனக்கென்று உள்ள இடத்தில் அந்த ஒளியை விழுங்கும். விழுங்கிய இடம் கோட்டில் மேடாக வரும், பீக் என்பது அதுதான். முக்கோண வளையத்தின் இடம் 915. பென்சீன் வளையத்தின் இடம் 1510. கியூரிங்கில் பென்சீனுக்கு எதுவும் ஆகாது, ஆகவே 1510 அப்படியே நிற்கும். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு 915 எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். 915 படுத்துவிட்டால் வளையமெல்லாம் திறந்து தீர்ந்துவிட்டது. மேடு நின்றால் திறக்காத வளையம் மிச்சம் இருக்கிறது.

மிச்சம் இருக்கிறது என்பதோடு மெஷின் பேச்சை நிறுத்திக்கொள்ளும். ஏன் மிச்சம் என்று அது சொல்வதில்லை. ஹார்ட்னர் போதாமலும் மிஞ்சலாம், சூடு போதாமலும் மிஞ்சலாம். எங்கள் ரெசின் மேஜை மேலேயே ஒரு நாளில் இறுகிவிடும். ஆனால் இறுக இறுக உள்ளே நெரிசல். காலை ஏழு மணி கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பாருங்கள். இந்தக் கதவில் நீங்கள், அந்தக் கதவில் உங்கள் சினேகிதி, இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியும், ஆனாலும் நகர முடியாது. வளையமும் ஹைட்ரஜனும் அப்படித்தான் மாட்டிக்கொண்டு நிற்கும். அதற்காகத்தான் மறுநாள் ஓவனில் 120 டிகிரியில் நாலு மணி நேரம் வைப்பது. சூட்டில் கூட்டம் அசைந்து கொடுக்கும், மிச்சமிருப்பவை சேர்ந்துவிடும்.

இதெல்லாம் அந்த வியாழக்கிழமையும் எனக்குத் தெரியும். ஓவன் லாக் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மணிக்கு மணி 120, 120 என்று அழகான கையெழுத்து. சூடு சரி என்றால் பாக்கி மிக்சிங்தான் என்று முடிவு கட்டினேன். எழுதி வைத்ததைப் படித்தேனே தவிர, ஓவன் பக்கம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3. கட்டைப்பையில் கப்புகள்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு நான் லேபைத் திறக்கும்போது வாசலில் ஏசுபாதம் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு கட்டைப்பை. புதுவாயல் பக்கத்துக்காரர். அவர் அப்பா அம்மா வயல் கூலிக்குப் போனவர்கள். இவர் எங்களிடம் கான்ட்ராக்டில் பதினோரு வருஷமாக மிக்சிங் பார்த்தார். அந்த மாதம் நிரந்தரம் செய்கிற பட்டியலில் முதல் பெயர் அவருடையது. முந்தின நாள் சாயங்காலம் கான்ட்ராக்டர் அவரைக் கூப்பிட்டு, திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். லெட்டர் வெள்ளி சாயங்காலம் ஐந்து மணிக்குக் கையெழுத்தாகும்.

"நீங்கதான் எழுதிக் குட்த்தீங்களாமே மேடம், நான் ஹார்ட்னரு கம்மியா ஊத்திட்டேன்னு."

"ரீடிங் அப்படித்தான் வந்திருக்கு ஏசுபாதம்."

"நான் ஊத்தசொல்ல ரீடிங்கு அங்க நின்னுக்கினு இருந்துச்சா? தராசுல நம்பரு நின்னப்புறம்தான் மேடம் டின்னையே எடுப்பேன். இன்னிக்கு நேத்தா செய்றேன்?"

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வாயால சொன்னா யாரு நம்பப் போறாங்க. அதான் கப்பு எல்லாத்தையும் எடுத்தாந்துக்கீறேன். பாத்துட்டு இன்னா வேணா சொல்லுங்க."

பையைத் திறந்து மேஜை மேல் அடுக்கினார். டீ குடிக்கிற பேப்பர் கப்புகள். ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் உயரத்துக்கு இறுகிய ரெசின், வெளியே மார்க்கர் பேனாவில் பேட்ச் நம்பர். ஒவ்வொரு மிக்சிலும் பக்கெட்டில் மிஞ்சும் கடைசிக் கரண்டியை ஒரு கப்பில் ஊற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார். மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். நகம் பதியாவிட்டால்தான் அடுத்த மிக்சைத் தொடுவார். எங்கள் எந்தப் புத்தகத்திலும் இந்த முறை எழுதப்படவில்லை. ஆடிட் வரும்போது, "குப்பையெல்லாம் எடுத்து மறைங்க" என்று சொன்னவள் நானேதான்.

அவர் போனதும் சாய்ந்த பேட்ச்சின் கப்பில் ஒரு சில்லு எடுத்து மெஷினில் வைத்தேன். 915-இல் மேடு. போச்சு, மனுஷன் தனக்கு எதிரான சாட்சியைத் தானே பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை. அதற்கு முந்தின பேட்ச்சின் கப்பையும் வைத்தேன். அந்தப் பேட்ச்சை வாடிக்கையாளர் ஒரு குறையும் சொல்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதிலும் மேடு, அதே உயரம். இன்னும் மூன்று கப் பார்த்தேன். எல்லாமே அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல.

ஒரு நிமிஷம் எதுவும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. கப் எதுவும் ஓவனுக்குப் போனதில்லை. ஜன்னலிலேயே இறுகி, நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும் ரெசின் அது. அதில் மேடு இருந்தே தீரும். இருக்கக்கூடாதது காயிலில். அந்தச் சாய்ந்த காயிலின் கோட்டையும் கப்பின் கோட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகத் திரையில் போட்டேன். காயிலின் மேடு கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். நாலு மணி நேரம் 120-இல் வெந்த சரக்குக்கும் ஜன்னலில் கிடந்த சரக்குக்கும் இவ்வளவு நெருங்கின சொந்தம் இருக்கக்கூடாது.

சோதித்துப் பார்க்க வழி இருந்தது. சாய்ந்த காயிலிலிருந்து ஒரு துண்டு, அதே பேட்ச்சின் கப்பிலிருந்து ஒரு துண்டு. கூடவே, வேண்டுமென்றே ஹார்ட்னரைக் குறைத்து நானே கலந்த ஒரு சின்ன மிக்ஸ். மூன்றையும் லேப் ஓவனில் 120-இல் நாலு மணி நேரம் வைப்பது. ஏசுபாதம் சரியாக ஊற்றியிருந்தால் முதல் இரண்டிலும் மேடு படுக்க வேண்டும். குறைத்து ஊற்றியிருந்தால் என் மிக்ஸ் மாதிரியே நிற்க வேண்டும். பத்தரைக்கு உள்ளே வைத்துக் கதவை மூடினேன். முந்தின நாளே இதைச் செய்திருக்கலாம். யாரும் கையைப் பிடிக்கவில்லை.

4. அடிப்பிடித்த புளி சாதம்

எனக்கு வீடு திருநின்றவூர். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி கும்மிடிப்பூண்டி வந்து சேர, விடியுமுன் சமைத்து டப்பாவில் அடைத்தாக வேண்டும். மத்தியானம் திறந்தால் சோறு கல் மாதிரி இருக்கும். அந்த மழைக்காலத்தில் கேன்டீன் கூரை ஒழுகி, கேன்டீனையே மூடி வைத்திருந்தார்கள். அதனால் ஒரு பழக்கம் ஆரம்பித்தது. பதினொன்றரைக்கு எல்லோருடைய டப்பாவும் கியூரிங் ஓவனுக்குப் போகும், பன்னிரண்டரைக்குச் சூடாகத் திரும்பி வரும். ரெசின் ஆவி சுற்றுகிற ஓவனில் சோற்றை வைக்கக்கூடாது என்று சொல்ல வேண்டிய ஆள் லேப் மேடம். லேப் மேடத்தின் டப்பாதான் முதலில் போகும்.

ஓவன் பார்த்தவர் முனிரத்தினம். ஆந்திர எல்லை ஓரத்து ஊர்க்காரர், சின்னப் பையன் பெரியவர் எல்லோரையும் நைனா என்றுதான் கூப்பிடுவார். என்னை மட்டும் மேடம். அன்று அவர் கொண்டுவந்து கொடுத்த டப்பாவைத் திறந்தேன். புளி சாதம் ஓரமெல்லாம் கருகி, அடியில் பிடித்திருந்தது.

"என்ன முனிரத்தினம், இப்படி அடிப்பிடிச்சிருக்கு?"

"மன்னிச்சிக்கோங்க மேடம். இன்னிக்கு அவசர லோடு. அதான் செட்டிங் எறக்கல."

கரண்டியைக் கீழே வைத்தேன். "எந்த செட்டிங்?"

"ஓவன் செட்டிங்தான். டப்பா வைக்கசொல்ல எழுவதுக்கு எறக்குவேன். எடுத்தப்புறம் நூத்தி இருவதுக்கு ஏத்திடுவேன். நேரத்தயும் அதுக்குத் தக்கன கூட்டி வுட்டுருவேன். இல்லன்னா சோறு தீஞ்சி போவும்ல?"

ஓவனின் ஏதோ ஓர் ஆறிய மூலையில் வைக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. சூடாக வந்தது, சாப்பிட்டேன்.

அப்போது எனக்கு வேறொரு மத்தியானம் ஞாபகம் வந்தது. சைரன் ஊதி, தீ விபத்து ஒத்திகை என்று எல்லோரையும் வாசல் மைதானத்தில் நிற்க வைத்த நாள். தலையெண்ணி, பெயர் கூப்பிட்டு, பேசி முடித்து விடும்போது மணி இரண்டேகால். வந்து டப்பாவை எடுத்தால், இரண்டே முக்கால் மணி நேரம் ஓவனில் கிடந்த சோறு அவ்வளவு பதமாக இருந்தது. "இன்னிக்குத்தான் முனிரத்தினம் கரெக்டா சூடு பண்ணியிருக்கீங்க" என்று பாராட்டியும் விட்டேன். 120-இல் அவ்வளவு நேரம் இருந்திருந்தால் டப்பாவில் கரிதான் மிஞ்சியிருக்கும்.

லாக் புத்தகத்தைப் புரட்டினேன். ஒத்திகை நாளும் சாய்ந்த பேட்ச் ஓவனுக்குப் போன நாளும் ஒன்றேதான். உள்ளே வைத்தது பதினொன்று, எடுத்தது மூன்று.

"அன்னிக்கு ஒத்திகைக்குப் போகும்போது செட்டிங்க ஏத்திட்டுப் போனீங்களா?"

"சைரன் ஊதனதும் வுட்டுட்டு ஓடியாந்துட்டேன் மேடம். திரும்பி வந்து டப்பா எடுத்து எல்லாருக்கும் குட்த்தேன். ஏத்துனா மாதிரி ஞாபகம் இல்ல."

"லாக்ல 120-ன்னு இருக்கே?"

"மணிக்கொரு தபா அதுதான எழுதுறது." அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பெரிய பேஜாராப் பூட்ச்சே மேடம். என்னால அந்தாளுக்கு வேல போவுதே."

நான் அவரைத் திட்டவில்லை. திட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை. அவர் ஓவனைப் பார்க்காமலே 120 என்று எழுதினார், நான் மிக்சிங்கைப் பார்க்காமலே தவறு என்று எழுதினேன்.

இரண்டரைக்கு லேப் ஓவனைத் திறந்தேன். முதலில் என் மிக்ஸ். 915-இல் மேடு நன்றாகவே நின்றது. அடுத்தது கப் துண்டு. கோடு மெல்ல நகர்ந்து வந்தது. 1510 எப்போதும் போல நிமிர்ந்து நின்றது. 915-இல் ஒன்றும் இல்லை. கடைசியாகக் காயில் துண்டை வைத்தேன். அதிலும் ஒன்றும் இல்லை. ஹார்ட்னர் முழு அளவில் உள்ளேதான் இருந்திருக்கிறது, சூடுதான் கிடைக்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இன்னொன்றும் அப்போது புரிந்தது. ஹார்ட்னர் குறைந்த சரக்கு என்றால் நானூற்று எண்பதும் குப்பைக்கு. சூடு குறைந்த சரக்கு என்றால் திரும்ப வேக வைத்தால் போதும். ஆளும் பிழைத்தார், காயிலும் பிழைத்தது.

5. மேல் தட்டு

மூன்று மணிக்கு மேனேஜர் அறைக்குப் போனேன். மேஜை மேல் ஏசுபாதத்தின் லெட்டர் டைப் ஆகித் தயாராக இருந்தது.

"சார், நேத்து நான் எழுதினது தப்பு. அந்த ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கிக்கறேன்."

மூன்று கோடுகளையும் காட்டி, ஒத்திகை நாளையும் செட்டிங்கையும் சொல்லி முடித்தேன். அவர் முகம் சிவந்தது.

"ஓவன்ல சோறா? யார் யார் டப்பா அதுல இருந்துது? லிஸ்ட் குடுங்க, ஒருத்தனையும் விடமாட்டேன்."

"என்னுது இருந்துச்சு சார். லேப் பொண்ணுங்க ரெண்டு பேரோடது. ஸ்டோர்ஸ்ல மூணு பேரோடது." கொஞ்சம் தயங்கினேன். "உங்களோடதும் சார். மேல் தட்டுல."

வரதராஜன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்குச் சாப்பாடு நல்லா இருந்துதுல்ல?" என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல்.

"நல்லாத்தான் சார் இருந்துச்சு."

"அப்ப முனிரத்தினத்த அனுப்பணுமா?"

"அனுப்பினா கூடவே நானும் போகணும் சார். நீங்களும்."

லெட்டரை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். வாடிக்கையாளருக்கு அவரே போன் செய்தார். வேறு என்னத்தையாவது சொல்லிச் சமாளிப்பார் என்று பயந்தேன். "எங்க ஓவன்ல சூடு கொறைஞ்சிருச்சு, எங்க தப்புதான், திருப்பி அனுப்புங்க, சரிபண்ணித் தர்றோம்" என்றார். சோறு பற்றிச் சொல்லவில்லை. அந்த அளவு உண்மை போதும் என்று நானும் விட்டுவிட்டேன். சாய்ந்த பன்னிரண்டு போக மற்றதெல்லாம் திரும்பி வந்து, 120-இல் நாலு மணி நேரம், இந்த முறை நானே பக்கத்தில் நின்று பார்க்க, வெந்தது. அடுத்த புதன்கிழமை அவர்கள் சூட்டு டெஸ்டில் ஒரு பின்கூடச் சாயவில்லை என்று தகவல் வந்தபோது, லேபில் எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஓவன் செட்டிங்குக்குப் பூட்டு வந்தது. டப்பா வைக்கத் தடை வந்தது. கேன்டீன் திறக்கும்வரை மேனேஜர் உட்பட எல்லோரும் ஆறிய சோறுதான். அந்த மாதக் கடைசியில் ஏசுபாதத்துக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. அதன் பிறகு அவர் ஒவ்வொரு மிக்சுக்கும் இரண்டு கப் ஊற்றினார். ஒன்று ஜன்னலுக்கு, ஒன்று காயிலோடு ஓவனுக்கு. இந்த முறையை நான் புத்தகத்தில் ஏற்றினேன். இப்போது ஆடிட்டர்களிடம் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம். மேனேஜர் அறையிலிருந்து நேரே மிக்சிங் ரூமுக்குப் போய், "தப்பு என்னுது ஏசுபாதம், உங்க மிக்ஸ் சரி" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னோடு லேபுக்கு வந்தார்.

"அந்த மேடு எது மேடம்? காட்டுங்க, பாப்போம்."

திரையில் இரண்டு கோட்டையும் போட்டு விரலால் தொட்டுக் காட்டினேன். ஒன்றில் ஒரு சின்னப் புடைப்பு, இன்னொன்றில் சமதரை. குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோண்டுதான் கீது," என்றார். "இதுக்கா மேடம் நேத்து ராவு எங்க ஊட்ல ஒர்த்தரும் தூங்கல?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "வுடுங்க மேடம், சரியாப் பூட்ச்சு" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

லேபில் இருக்கும் பெண்களே, படிவத்தில் அந்தக் கடைசிக் கட்டம் இன்னும் இருக்கிறது. மேட்டைப் பார்த்தால் மேடு இருக்கிறது என்று எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டால், 'இன்னும் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓய்வு பெறும்வரை நான் பல தடவை அப்படி எழுதிக் கொடுத்தேன். வரதராஜன் சார் ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பவில்லை.